சேவல் வயிற்றில் ஓர் ஓட்டை

நவம்பர் 12
பண்பாட்டு மையத்துப் பெண் தோங் எங்கள் குகைவீட்டுக்கே வந்துவிட்டாள் — மடிக்கணினி, ஸ்கேனர் சகிதம். ஊரில் நாங்கள் வெட்டிய காகித உருவங்களையெல்லாம் கணினியில் ஏற்றப் போகிறார்களாம், அவரவர் பெயரோடு. என் சேவலைப் பார்த்து, "மியாவ்லிங் அத்தை, இது யாரு வடிவம்?" என்றாள். "என்னுதுதான்" என்று நாக்கு முந்திக்கொண்டது.

நவம்பர் 14
ஓரகத்தி ரூன்லானும் அதே சேவலைக் கொடுத்திருக்கிறாள், தன் அம்மா வெட்டியது என்று. போச்சு!

நவம்பர் 15
தோங் திரையில் காட்டினாள். நாற்பத்தொரு வீட்டுச் சேவல்கள். எல்லாவற்றின் வயிற்றிலும் ஒரே இடத்தில் ஓர் ஓட்டை. "அது சேவல் முழுங்கின தானியம். எங்க அம்மாவோட ரகசியம்" என்றாள் ரூன்லான் அக்கா, கேமரா முன்னால். தோங் அதை அப்படியே எழுதிக்கொண்டாள். எனக்குத் தினைக்கஞ்சி புரையேறியது.

தானியமாவது ஒன்றாவது! நான் கலியாணமாகி வந்த புதிதில் ரூன்லான் அக்காவின் காகிதச் சேவலைக் கேட்காமல் எடுத்தேன். வெள்ளைத் தாளில் நனைத்து ஒட்டி விளக்குப் புகையில் காட்டினால், சேவல் மறைத்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும்; அதுதான் படி. இங்கே எல்லோரும் செய்வதுதான். அவசரத்தில் தண்ணீர் போதவில்லை, சேவலின் வயிறு பொசுங்கி ஓட்டையாகிவிட்டது. சத்தமில்லாமல் திருப்பி வைத்தேன்.

நான் பொசுக்கியதற்கு அவள் அம்மாவுக்குப் பெயரா? எனக்கு இப்போது பயமா, பொறாமையா? இரண்டும்தான்.

நவம்பர் 19
சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் இந்தப் பொய் கணினிக்குள் சாகாமல் கிடக்கும். வெள்ளிக்கிழமையோடு பதிவு முடிகிறதாம்.

நவம்பர் 21
சொல்லிவிட்டேன். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த ரூன்லான் அக்கா நிமிரக்கூட இல்லை.

"தெரியும்டி. ஓரமெல்லாம் கருகியிருந்துச்சே, எனக்கென்ன கண்ணு இல்லையா?"

"அப்புறம் ஏன்க்கா தானியம்னு சொன்னீங்க?"

"நீ வந்து மூணு மாசம்தான். மாமியாருக்குத் தெரிஞ்சிருந்தா உன்னையும் சேர்த்துப் பொசுக்கியிருப்பாங்க. அன்னிக்கு அவங்க ஓட்டை என்னன்னு கேட்டப்ப வாயில வந்ததைச் சொன்னேன். ஊரே ஓட்டை போட ஆரம்பிச்சிருச்சு, நான் என்ன பண்ண?"

அழுதுவிட்டேன். முப்பது வருஷமா இவ என்னைக் காப்பாத்தியிருக்கா, நான் இவளைப் பத்தி ஊரெல்லாம் வாயடிச்சிட்டுத் திரிஞ்சிருக்கேன் — சீ!

பிறகு இருவருமாகத் தோங்கிடம் போய் நடந்ததைச் சொன்னோம்.

ஜனவரி 20
பதிவைத் தோங் செல்போனில் அனுப்பியிருக்கிறாள். "சேவல்: ரூன்லானின் தாய். வயிற்றுத் தானியம்: மியாவ்லிங்." இத்தனை வருஷம் கத்தரி பிடித்த எனக்கு, கணினியில் சேவலுக்குள் ஓர் ஓட்டைதான் பாத்தியதை!

அடுத்த மாதச் சந்திரப் புத்தாண்டுக்கு ஜன்னலில் ஒட்டச் சேவல் வேண்டும். இந்த முறை ரூன்லான் அக்காவிடம் கேட்டே வாங்கினேன். சேவலோடு ஒரு கிண்ணம் தண்ணீரும் கொடுத்தாள்.