தங்கை பிடித்த டப்பா

மார்ச் 4

அன்புச் சின்னிக்கு,

இங்கே நலம். உன் பையன் நடக்கிறானா?

நேற்று எங்கள் பிரசவ வார்டு டிவியில், ஒரு விளம்பரத்தில் உன்னைப் பார்த்தேன். மகனை மடியில் வைத்துக்கொண்டு, பால்பவுடர் டப்பாவைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்து, "என் செல்லம் வளர்ந்தது இதுலதான்" என்கிறாய். அவன் எதில் வளர்ந்தான் என்று எனக்குத் தெரியாதா? பால் கட்டி, ஜுரத்தில் "என்னால முடியாதுக்கா" என்று நீ அழுதபோது, ஒத்தடம் கொடுத்து, அவன் வாயை உன் மார்பில் பொருத்தியது யார்?

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு தையல்காரி. முதல் பிரசவம். அப்போதுதான் பால் நன்றாக ஊறத் தொடங்கியிருந்தது. "நர்ஸம்மா, நடிகையே இதத்தான் குடுக்குறாங்க. எம்பால் எம்மாத்திரம்?" என்றாள். எவ்வளவோ சொன்னேன். சாயங்காலமே புருஷனை அனுப்பி டப்பா வாங்கிவிட்டாள்.

இது என்ன பிழைப்பு என்று எழுது.

உன் அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

கோபம் ஆறியதா? ஆறியிருக்காது. வார்டையே தலையில் தூக்கிக்கொண்டு அலைபவள் நீ.

அது எழுதிக் கொடுத்த வசனம். பேயாகக்கூட நடித்திருக்கிறேன். யாராவது நான் பேய் என்று நம்பினார்களா? கம்பெனிக்காரர்கள் உன் வார்டுக்கு இலவச டப்பாக்களும் என் படம் போட்ட போஸ்டரும் அனுப்புகிறார்கள். தலைமை நர்ஸ் நீ, ஒரு வார்த்தை சொன்னால் சுவரில் மாட்டிவிடுவார்கள்.

இனிப்பான செய்தி ஒன்று. மறுபடி முழுகாமல் இருக்கிறேன். அக்டோபரில் பிரசவம். போன தடவை மாதிரி லீவு போட்டு வந்துவிடு. இதற்கும் தாய்ப்பால்தான். ஆயிரம் டப்பா வந்தாலும் அதற்கு ஈடாகுமா, நீயே சொல்.

உன் செல்லத் தங்கை
சின்னி

ஏப்ரல் 2

சின்னி,

நீ உண்டாகியிருப்பது தெரிந்து முதலில் சந்தோஷப்பட்டேன். 'இதற்கும் தாய்ப்பால்தான்' என்ற வரியைப் படித்ததும் காகிதத்தைத் தொடவே அருவருப்பாக இருந்தது.

தையல்காரி குழந்தையோடு திரும்பி வந்திருக்கிறாள். டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடக் கூடாதென்று தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. தோலைக் கிள்ளினால் மடிப்பு விழுந்தபடியே நிற்கிறது. பிழைத்துவிடும் என்கிறார் டாக்டர். அவள் மார்போ வற்றிக் கிடக்கிறது. மறுபடி ஊற வைக்க, பிள்ளையை அவள் நெஞ்சோடு போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

"டிவியில வர்றவங்க பொய் சொல்வாங்கன்னு நான் என்னத்தக் கண்டேன்?" என்றாள். அது என் தங்கை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

பால் இல்லாதவளுக்கு டப்பா வேண்டும்தான். நானே கலக்கிக் கொடுத்திருக்கிறேன். ஊறுகிற பாலை நம்பாதே என்று சொல்லிக் கொடுத்தாயே, அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. பேயை யாரும் நம்பவில்லை சின்னி. அம்மாவை நம்பினார்கள்.

போஸ்டர்களைக் குப்பையில் போட்டேன். டப்பாக்களைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஆயிரம் டப்பா ஈடாகாது என்று எனக்கு எழுதினாயே, அதைக் கேமரா முன்னால் சொல். சொன்ன அன்றைக்கே புறப்பட்டு வருகிறேன்.

அக்கா

ஏப்ரல் 20

அக்காவுக்கு,

ஒப்பந்தம் முடியும்வரை அப்படியெல்லாம் பேச முடியாது. வக்கீலிடமும் கேட்டுவிட்டேன்.

பிரசவத்துக்கு நீ சிரமப்பட்டு வர வேண்டாம். தாய்ப்பால் கொடுக்கப் பழக்குவதில் கெட்டிக்காரியான நர்ஸ் ஒருத்தியைக் கம்பெனியே எனக்கு அமர்த்திக் கொடுத்துவிட்டது. வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்வாளாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சின்னி