மேனேஜருக்குத் தூக்கம் வரவில்லை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். காப்பகத்துக்காக ஏழு மாதம் நீங்கள் உங்கள் வீட்டில் வளர்த்த பிள்ளையைத் தத்தெடுத்துத் தூக்கி வந்துவிட்டோம். ஆள் வந்திருக்கிறானே தவிர மனசு இன்னும் வரவில்லை. நீங்கள் வைத்த ‘மேனேஜர்’ பட்டம்தான் இங்கும். வாய் திறக்காமலே இரண்டு பேரை வேலை வாங்குகிறான்.

ஆனால் என் முகத்தைப் பார்ப்பதில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் மட்டும் திரும்புகிறான். வந்தது நீங்களல்ல, பால்காரர் என்று கண்டதும் உதடு பிதுங்குகிறது. தாலாட்டு பாடினால் அலறுகிறான். “அவனுக்குக் கேள்வி ஞானம் இருக்கு” என்கிறார் என் வீட்டுக்காரர். நீங்கள் எப்படித் தூங்க வைத்தீர்கள்?

உங்கள் தங்கை

மார்ச் 11

அன்புத் தங்கைக்கு,

எனக்குப் பாட்டு வராது. மடியில் போட்டுக்கொண்டு பேப்பரில் வரும் டெண்டர் விளம்பரங்களை வாசிப்பேன். தார்ச்சாலைக்குக் கண் சொருகும். குடிநீர்க் குழாய்க்குக் குறட்டை. திட்டங்களை நம்பித் தூங்குவதில் பெரியவர்களுக்கு அவன் இளைத்தவனில்லை.

குழந்தை வளர்ப்புப் புத்தகத்தை பீரோவில் வை. பால் கொடுப்பதும் குளிப்பாட்டுவதும் நீயே செய்.

அக்கா

மார்ச் 19

அக்கா,

டெண்டர் வாசித்தேன். அழுகையை நிறுத்திக் கேட்டான். பிறகு என் முகத்தைப் பார்த்தான், என் தோளுக்குப் பின்னால் தேடினான். அப்புறம் அழுதான் பாருங்கள், அப்படி அவன் அழுததே இல்லை.

ஒரு வாரம் வந்து இருங்களேன். உங்களைப் பார்த்தால் சமாதானமாவான்.

தங்கை

மார்ச் 26

தங்கைக்கு,

சமாதானமாவான், அதுதான் பயம். திரும்பிப் போகும்போது இரண்டாவது தடவையும் அவனை விட்டுவிட்டுப் போனவள் ஆவேன். டெண்டரை நிறுத்திவிடு. அழுதால் தூக்கி வைத்துக்கொள். உனக்கு என்ன பேச வருமோ அதைப் பேசு.

அக்கா

மே 2

அன்பு அக்காவுக்கு,

ஒரு மதியம் அவன் அழ, நானும் அழுதேன். என் ஆபீஸ் லிஃப்ட் ரிப்பேரானதைப் பற்றி அழுதுகொண்டே சொன்னேன். என் மூக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். அன்றிலிருந்து லிஃப்ட் கதைதான்.

இப்போது நான் குளிக்கப் போனாலும் கதவு வரை தவழ்ந்து வந்து தட்டுகிறான். செருப்புச் சத்தத்துக்குத் திரும்புவதில்லை. இனி நீங்கள் வரலாமே. பிறந்தநாளுக்குக் கண்டிப்பாக வர வேண்டும்.

தங்கை

மே 10

அன்புத் தங்கைக்கு,

செருப்புச் சத்தத்துக்குத் திரும்புவதில்லை என்ற வரியை இரண்டு முறை வாசித்தேன். நல்ல செய்தி. இந்த வேலையில் பிள்ளை மறந்தால்தான் நமக்குத் தேர்ச்சி.

பிறந்தநாளுக்கு நான் வரவில்லை. யார் இது என்று அவன் உன் முகத்தைப் பார்ப்பான். “பெரியம்மாடா, பயப்படாத” என்பாய். அதைக் கேட்டுக்கொண்டு கேக் தின்ன எனக்குத் தெம்பில்லை. கடிதமும் இனி வேண்டாம்மா. கோபமில்லை.

நேற்று காப்பகத்துப் பெண் வந்தாள். பிறந்து ஐந்து நாளான குழந்தை ஒன்று இருக்கிறதாம். வேறு வீடு பார்க்கச் சொன்னேன்.

“ஏன்க்கா, உடம்புக்கு முடியலையா?” என்றாள்.

“ஆமா” என்றேன்.

அக்கா