சுரண்டை அக்காவின் புருவம்

ஆனி 12, செவ்வாய். நாள் முழுக்கச் சாரல்.

பியூட்டீஷியன் வகுப்பில் இன்றுதான் முதன்முதலாக வெளியாள் ஒருவருக்கு நூலால் புருவம் எடுத்தேன். சுரண்டையிலிருந்து வந்த ஓர் அக்கா. நாளை அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்களோடு காலையில் குற்றாலம் போய், எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டு, நேராக எங்களிடம் வந்துவிட்டார். நெற்றியெல்லாம் பளபளப்பு. எண்ணெய் முகத்தைத் துடைத்துப் பவுடர் போட்ட பிறகுதான் நூலைத் தொட வேண்டும். முதல் வாரப் பாடம் அது. பதற்றத்தில் மறந்தே போனேன்.

நூல் வழுக்கி, இடது புருவத்தின் வால் போய்விட்டது. நூலின் முனை என் பல்லில் இருந்ததால் ஐயோ என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

டீச்சர் ஓடி வந்தார். "தள்ளுட்டி, மிச்சத்தை நான் எடுக்கேன்."

அக்கா கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். எனக்கு உயிரே இல்லை.

"அவளே எடுக்கட்டும் டீச்சர். வேற ஆளு எடுத்தா ரெண்டும் ரெண்டு மாதிரில்லா ஆயிரும்."

டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

துடைத்தேன், பவுடர் போட்டேன். அக்கா வலது கண்ணை மூடி, இமையை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டார். நாளை சம்பந்தி வீட்டார் பார்க்கப்போகிற முகம். இடதுக்கு இணையாக வலதையும் எடுத்து முடித்தேன்.

நூலை வாயிலிருந்து எடுத்த பிறகும் எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் பஸ் ஏறிப் போய்விட்டார். அதனால் இங்கே எழுதுகிறேன். ரொம்ப நன்றிக்கா.