தலையணைக்குள் அரிசி

மார்ச் 8, ஞாயிறு

பேசாமல் இருந்தது போதும். வெம்பிளி மண்டபத்தில் இன்று நடந்த கூட்டத்தில் என் தங்கையின் கணவர் எங்கள் நாட்டில் எழுபதுகளில் இருந்த சோஷலிச ஆட்சியைப் புகழ்ந்து தள்ளினார். பரந்தனில் எங்கள் வயலைப் பறித்துத் தரிசாகப் போட்ட ஆட்சி அது. ஊர்விட்டு ஊர் அரிசி கொண்டுபோகத் தடை இருந்ததால், அம்மா அதைத் தலையணை உறைக்குள் அடைத்து, என்னை மேலே படுக்கவைத்துத்தான் பஸ்ஸில் சோதனைச்சாவடியைக் கடந்தார்.

எழுந்து இதைச் சொன்னேன். அவர் உடனே என் அப்பாவை இழுத்தார்.

“ஒருத்தரும் பட்டினி கிடக்கேல்லை, மச்சான். கொப்பரின்ர வயல்தான் போனது!”

“ஓம், நீர் பாணுக்கு பேக்கரி வாசலில விடிய விடிய வரிசையில நிண்டது விளையாட்டுக்கோ?”

சபை அவருக்கே கைதட்டியது.

அவர் நடத்தும் பத்திரிகைக்கே இதை எழுதி அனுப்புவேன். பெயர் போட்டால் தங்கை வீட்டு வாசலை மிதிக்க முடியாது. பெயரில்லாமலே நாளை தபாலில் போடுகிறேன். யார் எழுதியதென்று அவருக்குத் தெரியும். தங்கையிடம் நிரூபிக்கட்டும், பார்ப்போம்.