காப்புக் கட்டிய இரத்தக்காட்டேரி

அண்ணா,

காலையில் பீட்ரூட் நறுக்கினேன். கை சிவந்தது, உங்கள் ஞாபகம் வந்தது. நீங்கள் இறந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. இன்னும் எனக்கு அழுகை வரவில்லை. நறுக்கியதை அடுப்பில் ஏற்றிவிட்டு இதை எழுதுகிறேன்.

லிந்துலைப் பக்கம் பாழடைந்து கிடந்த துரை பங்களாவில் படம் பிடிக்கக் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சவப்பெட்டியிலிருந்து எழுந்து வந்து இரத்தம் குடிக்கும் காட்டேரியின் கதை. அதற்காகக் கூட்டி வந்த நடிகர் நம் குளிர் தாங்காமல் காய்ச்சலோடு ரயிலேறிவிட்டார். காமன் கூத்தில் எமன் வேஷம் கட்டும் நெட்டை ஆள் ஒருவர் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்திலிருந்து உங்களை அழைத்துப் போனார்கள்.

நீங்களா சும்மா போவீர்கள்! "வேஷம்னா வேஷந்தாங்க. காப்புக் கட்டாம மூஞ்சியில சாயம் பூச மாட்டேன்" என்று டைரக்டரிடம் சொல்லிவிட்டு, கூத்துக்குக் கட்டுவது போலவே மாரியம்மன் கோயிலில் மஞ்சள் கிழங்கு முடிந்த காப்புக் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டீர்கள். காப்பு அவிழ்க்கும்வரை கவுச்சி கூடாது, வீட்டில் படுக்கக் கூடாது, சாவு வீட்டை மிதிக்கக் கூடாது. கருவாட்டு வாடைக்கு மூக்கைப் பொத்தும் இரத்தக்காட்டேரியை யார் கண்டார்கள்? கோழி இரத்தம் வேண்டாமென்று பீட்ரூட்டை வேகவைத்துச் சாறு கேட்டீர்கள்.

"கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மை போதும்யா" என்று டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டாராம்.

"பாக்குறவங்களுக்கு இல்லீங்க. எனக்குச் செவப்பாத் தெரியணும்."

வரிசை வீடுகளோடு லயமே சிரித்தது. நானும்தான்.

கூத்தில் காப்பு அவிழ்க்க நாள் குறித்திருக்கும். சினிமாவில் அப்படி எதுவும் கிடையாது என்று உங்களுக்கும் தெரியவில்லை, பூசாரிக்கும் தெரியவில்லை. படக்காரர்களுக்குப் பனிமூட்டம் வேண்டும். வெயிலோ விடாமல் அடித்தது. படப்பிடிப்பு இழுத்துக்கொண்டே போனது. அதற்குள் அம்மா போய்விட்டாள்.

சின்ன அண்ணன் பங்களாவுக்கு ஓடினார். "பாதியில காப்ப அவுத்தா தோட்டத்துக்கே ஆகாதுடா. நீயே எல்லாத்தையும் பாத்துக்க" என்றீர்களாம். மூத்த பிள்ளை போட வேண்டிய முதல் பிடி மண்ணை அவர் போட்டார். பிறகு அவர் உங்களோடு பேசவே இல்லை. பெத்தவளுக்கு மண்ணு போடாதவன் என்ற பெயர் உங்களுக்கு நிலைத்தது. எனக்குக் கோபம் வந்ததா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். மரத்துப்போயிருந்தேன், அவ்வளவுதான்.

படம் ஹட்டன் கொட்டகைக்கு வந்தபோது நானும் என் வீட்டுக்காரரும் போனோம். புதைகுழியிலிருந்து ஏறி வந்து காட்டேரி பேய்ச்சிரிப்புச் சிரிக்க வேண்டும்; அந்தச் சிரிப்பை லயத்து வாசலில் எங்களுக்கு எத்தனையோ தடவை சிரித்துக் காட்டியிருந்தீர்கள். படத்தில் நீங்கள் சிரிக்கவில்லை. ஏறி வந்தீர்கள், திரும்பிக் குனிந்தீர்கள், ஒரு பிடி மண்ணை அள்ளிக் குழிக்குள் போட்டீர்கள். கையைத் தட்டிவிடாமல் அப்படியே நின்றீர்கள். உங்கள் கிறுக்குகளில் இதுவும் ஒன்று என்று டைரக்டர் விட்டிருப்பார்.

"பேய் தேயிலக் கன்னு நடுதுடோய்!" என்று யாரோ கத்த, கொட்டகையே சிரித்தது.

இப்போதும் உறவில் யாராவது நீங்கள் மண் போடாத பேச்சை எடுத்தால், "எங்க அண்ணன் மண்ணு போட்டுச்சு. நான் பாத்தேன்" என்பேன். எங்கே என்று கேட்பார்கள். படத்தில் என்றால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். பெண்களை மயானத்துக்கு விடுவதில்லை, அண்ணா. அம்மாவுக்கு மண் போட்டதை நான் கண்ணால் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.