தோகாரின் வேலி

அன்புள்ள அம்மாவுக்கு,

தோகாரைப் பழிவாங்கிவிட்டேன். நான் நலம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

ஏரியைச் சுற்றி நடக்கும் குடும்பங்கள் என் சாப்பாட்டுக் கடைக்கு வராதபடி பாதையில் வேலி போட்டானே, அந்தப் பக்கத்துக் கடைக்காரன்தான். நான் சண்டைக்குப் போகவில்லை. அவன் பக்கத்துக் குளிக்கும் கரையில் இருந்த உடைமாற்றும் அறைகளைக் குத்தகைக்கு எடுத்துப் பூட்டிவிட்டேன். ஞாயிறன்று உடுத்திய துணியோடு குளித்தவர்கள், ஈரம் மாற்ற இடமில்லாமல் நடுங்கிக்கொண்டே அவன் கடையில் சாப்பிடாமல் போனார்கள்.

தோகார் ஓடி வந்தான். "தொறந்து தொலைடா, பாடாங் ஊர்க்காரா!"

"வேலி இருக்குதே அண்ணே, எப்படி வர்றது?"

நீங்கள் வறுக்கும் மாட்டுக்கறி கொஞ்சம் அனுப்புங்கள். ஊருக்கே சமைக்கிறேன், தனியாகச் சாப்பிடத்தான் பிடிக்கவில்லை. இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்பும் பஸ் கிளம்புகிறது.

மகன் சியாப்ரில்

பி.கு.: பேசி முடித்தது இதுதான். வேலியை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் முன்னால் அவனே பிடுங்க வேண்டும். பிடுங்கினால் அறைகளைத் திறந்துவிடுவேன், ஆனால் சாவி என்னிடமே இருக்கும்.