போரியைக் கட்டிப்பிடிக்காதே

"உன் கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன்" என்று நேற்று கத்திய அப்பாவின் சீட்டு, இன்று காலை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருப்பதை யோன்ஜே பார்த்தாள்.

"யோன்ஜே, நம்ம போரி மலையில அரக்கு மரத்துல போய் உரசிட்டு வந்திருக்கு. நாய்க்கு ஒண்ணும் ஆகாது. அதோட முடியில ஒட்டியிருக்கிற மரப்பால் பட்டா உனக்குத்தான் மூஞ்சி வீங்கிடும். நாளைக்கு நீ கல்யாணப் பொண்ணு. வாலாட்டிக் கூப்பிட்டாலும் கொல்லைப் பக்கம் போகாதே. அது படுத்த போர்வையையும் தொடாதே. கையுறை வாங்கத்தான் போறேன், வந்து நானே சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுறேன். கிம்ச்சி சூப் அடுப்புல இருக்கு, சாப்பிடு."

அடியில் நெருக்கி எழுதியிருந்தது: "என் கறுப்புக் கோட்டையும் தொடாதேம்மா. போட்டுப் பாத்துக்கிட்டிருந்தப்போ போரி மேல தாவிடுச்சு. பழைய பழுப்புக் கோட்டுல வந்தா மாப்பிள்ளை வீட்டுல சிரிப்பாங்களா?"

யோன்ஜே பேனாவைத் தேடி எடுத்து அதற்கும் கீழே எழுதினாள்: "சிரிச்சா சிரிக்கட்டும். நீங்க வாங்கப்பா."